பச்சை டிரம்

அந்த யோசனை எனக்கு ஒரு புல்தரையில் நின்றபோது வந்தது.

ஏப்ரல் மாதம். எங்கள் கெமிஸ்ட்ரி வகுப்பு முழுவதையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த ஓர் அரசாங்கத் தொழிற்சாலையைக் காட்ட அழைத்துப் போயிருந்தார்கள். உள்ளே பார்த்த இயந்திரங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. வெளியே, தொழிலாளர் குடியிருப்பின் முன்னால் கிடந்த புல்தரைதான் நினைவிருக்கிறது. நாங்கள் குடியிருந்த மெட்டுகுடாவில் அந்த மாதம் வேப்பமரம்கூடத் தூசி பூசிக்கொண்டு நின்றது. இங்கே செருப்பைக் கழற்றிக் காலை வைத்தால் சில்லென்று இருந்தது.

தோட்டக்காரர் ரப்பர் குழாயோடு நின்றிருந்தார். இந்தக் கோடையில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். "நஹானே கா பானி" என்றார். குளித்த தண்ணீர்! வீடுகளில் குளித்தது, துவைத்தது எல்லாம் ஒரு தொட்டிக்கு வந்து, அங்கே தெளிந்து, மணலில் இறங்கி, இந்தக் குழாய்க்கு வருகிறதாம். நான் அதே வேகத்தில் குனிந்து குழாய்க்குக் கீழே கையை நீட்டினேன். "நக்கோ பேட்டி, நக்கோ!" வேண்டாம் மகளே என்று அவர் குழாயை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். மூன்று மொழிகளில் ஏதோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. என் மனம் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

வீட்டில் அப்போது தண்ணீர் என்ற பேச்சை எடுத்தாலே அக்காவின் பேச்சுதான். அக்காவுக்கு ஏழாம் மாதம். காஜிப்பேட்டையில் மாமியாரோடு இருந்தாள். அத்தான் கூட்ஸ் ரயிலில் கொடி காட்டும் கார்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அக்காவுக்குக் கல்யாணமான மறுமாதமே அம்மா, அப்பாவின் பழைய வேட்டிகளைத் துவைத்து, மெத்தென்று ஆனவற்றைப் பேரப்பிள்ளைக்கென்று கிழித்து மடித்து, டிரங்குப் பெட்டியில் சேர்க்கத் தொடங்கியிருந்தாள். பெட்டி நிரம்பியும் விட்டது. அப்போதுதான் அக்காவின் மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. 'அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வருகிறதாமே. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் தினம் பத்து வாளியாவது வேண்டும். இங்கே கிணறு இருக்கிறது. பிரசவம் இங்கேயே ஆகட்டும். மனவருத்தம் வேண்டாம்.'

அம்மா என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

"மனவருத்தம் வேணாம்னு எழுதிட்டா வருத்தம் போயிருமாடி?" என்றாள். பிறகு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அப்பா ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "மாப்பிள்ளை ஒருமுறை வந்து வீட்டைப் பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாம்" என்று பதில் எழுதினார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக அத்தானிடமிருந்து தகவல் வந்தது. அந்தத் தகவல் வந்த மறுநாள்தான் நான் புல்தரையில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய நோட்டை எடுத்து, வீட்டில் யார் எதற்கு எத்தனை வாளி செலவழிக்கிறோம் என்று எழுத ஆரம்பித்தேன். அம்மாவுக்கு எரிச்சல். "நா எத்தனை செம்பு மோந்தேன்னு எண்ணிக்கிட்டு நிக்கிறியே, ஒனக்குக் காலேஜ்ல இதான் சொல்லித் தர்றாங்களா?" இரண்டு நாளில் விஷயம் வெளியே வந்தது. குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு சமையலுக்கோ குளியலுக்கோ போகவில்லை. கொல்லையிலிருந்த கக்கூசுக்கும், வாழைக்கும் முருங்கைக்கும் போனது. அந்த இரண்டுக்கும் நல்ல தண்ணீர் எதற்கு? கணக்குப் போட்டால் தினம் ஏழு எட்டு வாளி மிஞ்சியது. அக்காவின் மாமியார் கேட்டது பத்து. தொட்டுவிடும் தூரம்தான்.

எங்கள் குவார்ட்டர்ஸ் சரிவில் கட்டியது. குளியலறை மூன்று படி உயரத்தில் இருக்கும். அதன் தண்ணீர் சுவரிலிருந்த ஒரு துளை வழியாக, முழங்கால் உயரத்திலிருந்து சாக்கடையில் விழும். அந்த இடத்தில் அப்பா ஓர் அரை டிரம்மைப் பதித்துக் கொடுத்தார். முழு டிரம் ஒன்றைக் கக்கூஸ் பக்கத்துச் சுவரோரம் வைத்தோம். அரை டிரம்மில் விழுவதை வாளியில் எடுத்து, துணியில் வடிகட்டி, முழு டிரம்மில் ஊற்ற வேண்டும். வடிகட்டத் துணி வேண்டுமென்று டிரங்குப் பெட்டிப் பக்கம் போனேன்.

"அந்தப் பெட்டியத் தொட்டே, கைய ஒடச்சிருவேன்" என்றாள் அம்மா. என் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்துக்கொண்டேன்.

முழு டிரம் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. ஜன்னலுக்கு அடித்ததில் மீந்த பச்சை பெயின்ட் அரை டின் இருந்தது. செடிக்கான தண்ணீர், பச்சைதானே பொருத்தம்! ஒரே சாயங்காலத்தில் இரண்டு கோட்டு அடித்து, தகர மூடி போட்டு, பக்கத்தில் ஆணி அடித்து ஒரு பிளாஸ்டிக் மக்கையும் மாட்டினேன். அப்பா வேலையிலிருந்து வந்து பார்த்தார்.

"பச்சையா?"

"செடிக்குப்பா."

"ம். பளிச்சுன்னு இருக்கு" என்று போய்விட்டார்.

முதல் வாரம் முழுக்க என் அவசரத்துக்குக் கிடைத்த அடிகள்தான். அதிகம் சேர்த்தால் நல்லது என்று நினைத்து மூன்று நாள் தண்ணீரை டிரம்மில் தேக்கி வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் அம்மா முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு தெருவாசலுக்கே போய்விட்டாள். அரை டிரம்மில் குட்டிக் குட்டியாகப் புழுக்கள் நெளிந்தன. "ஊர்ல எல்லாரும் பொண்ண டாக்டருக்குப் படிக்க வெக்கிறாங்க, நா கொசு வளக்கப் படிக்க வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா. அன்றே முடிவு செய்தேன்: இந்தத் தண்ணீருக்கு ஒரே நாள்தான் ஆயுசு. காலையில் பிடித்தது பொழுது சாய்வதற்குள் தீர வேண்டும். தீராவிட்டால் சாக்கடையில் கொட்டி, டிரம்மைக் கவிழ்த்துவிட வேண்டும்.

அடுத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தேன். எண்ணெயும் சோற்றுப் பருக்கையுமாகத் துணி அடைத்துக்கொண்டது. இரவு பெருச்சாளி வந்தது. அதை நிறுத்தினேன். அரிசி களைந்த தண்ணீரை மட்டும் அப்போதே நேராக வாழைக்கு ஊற்றினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் குளியலறையைக் கழுவிய அன்று தண்ணீர் முழுவதும் சாக்கடைக்கு. அம்மாவின் கொத்தமல்லிப் பாத்திக்கும் புதினாவுக்கும் ஒரு சொட்டுகூடக் கிடையாது. பச்சையாக வாயில் போடுகிற இலைக்குச் சோப்புத் தண்ணீர் எதற்கு? வாழைக்கும் முருங்கைக்கும் மேலே தெளிக்காமல், வேருக்கருகே சின்னப் பள்ளம் வெட்டி ஊற்றினோம். ஒரே மரத்துக்கு ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கிறதென்று கண்டுபிடித்து, ஒருநாள் வாழை, ஒருநாள் முருங்கை, நடுவில் ஒருநாள் நல்ல தண்ணீர் என்று முறை வைத்தேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் சிமென்ட் தொட்டியில் நல்ல தண்ணீர் மிஞ்ச ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் அம்மா என்னைக் கேட்காமலே தொட்டி மூடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அன்று எனக்கு மட்டும் அப்பளம் இரண்டு.

ஞாயிறு வந்தது. அத்தான் ராத்திரி முழுவதும் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து வந்தவர், காலை ஒன்பது மணிக்கு முகமெல்லாம் கரித்தூளாக வாசலில் நின்றார். "வாங்க மாப்ள, வாங்க. மொதல்ல மொகத்தக் கழுவிட்டு வந்துருங்க, காப்பி போடறேன்" என்று அம்மா அடுப்பங்கரைக்கு ஓடினாள். நான் பலகாரத் தட்டோடு கூடத்தில் இருந்தேன். அத்தான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். என் மூளை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

கொல்லையில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. நன்றாக, தொண்டை வரை இறக்கி, சாவகாசமாக.

"அத்தே! தண்ணியில என்னமோ சோப்பு வாசன அடிக்குதே. தொட்டி கழுவுனீங்களா?"

காப்பி டம்ளரோடு கொல்லைப் படியில் இறங்கிய அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் ஓடிப்போன நானும் பார்த்தேன். பச்சை டிரம்மின் மூடி திறந்திருந்தது. அத்தான் கையில் என் பிளாஸ்டிக் மக்கு.

"மாப்ள… அது வந்து…" அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லுடி. ஒன் வாயாலயே சொல்லு."

"அத்தான், அது குளிச்ச தண்ணி."

அத்தான் என்னைப் பார்த்தார், மக்கைப் பார்த்தார். "யாரு குளிச்சது?"

"அப்பாவும் நானும்."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவருக்கு மறைக்கத் தெரியாது. "நா இன்னிக்குத் தலைக்கு வேற குளிச்சேன் மாப்ள."

அத்தான் துப்பினார். மறுபடி துப்பினார். முருங்கை மரத்தடிக்குப் போய் நின்று, இன்னும் ஐந்தாறு முறை துப்பினார்.

"முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

அம்மா என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு, உப்பு போட்ட வெந்நீர் கொண்டுவரப் போனாள். போகும்போது அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "முடிஞ்சுது. ஊருக்குப் போயி அவங்கம்மாகிட்டச் சொன்னா முடிஞ்சே போச்சு. பெட்டியத் தூக்கிப் பரண்ல போட வேண்டியதுதான்."

அத்தான் படியில் உட்கார்ந்து வெந்நீரால் கொப்பளித்தார். கோபமாக இல்லை. வியப்பாகத்தான் இருந்தார்.

"ஏம்மா, ஒனக்கு வேற கலரே கெடைக்கலயா?"

"செடிக்குன்னு பச்ச அடிச்சேன் அத்தான்."

"பச்சையப் பாத்தா போலாம்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுக்குத்தான் சம்பளமே தர்றாங்க. பக்கத்துல செவப்பு ஏதாச்சும் இருந்துதா? இல்ல. மக்கு வேற தொங்குது. லைன் கிளியர்! இந்தக் காலனில எந்த வீட்டு ஆம்பளைய விட்டாலும் நேரா இதுலதான் கைய விடுவான். மாமா, நீங்களாவது சொல்லிருக்கக் கூடாதா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "எனக்குத் தோணலியே மாப்ள."

"எப்படித் தோணும்? நீங்க ஒர்க் ஷாப். நின்ன வண்டியத்தான் நீங்க பாத்திருக்கீங்க."

அப்பாவே சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

அத்தான் எழுந்தார். துளை, அரை டிரம், வடிகட்டும் துணி, வாழையடிப் பள்ளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டார். நான் மூச்சு விடாமல் பதில் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். கடைசியில் சிமென்ட் தொட்டி மூடியை நகர்த்தினார். தண்ணீர் கழுத்து வரை நின்றது.

"இன்னிக்குக் கொழாயில வந்துச்சா?"

"இல்ல அத்தான். நேத்து வந்தது. இனி நாளைக்குத்தான்."

"வராத நாள்ல இவ்ளோ இருக்கா?" மூடியை மூடினார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அத்தே, அடுத்த மாசம் மொத வாரத்துலயே நானே கூட்டிட்டு வந்து விடறேன். ஆனா இந்த டிரம் இப்படி இருக்கக் கூடாது. செவப்பு அடிக்கணும், மூடிக்குப் பூட்டு, மக்கு ஆகாது. இன்னொண்ணு, நா வாய் கொப்பளிச்சது எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அம்மா "சரிங்க மாப்ள" என்றாள். காப்பி ஆறிவிட்டதென்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் கொஞ்சம் முழுங்கிவிட்டாரே! அன்றிரவு அவர் வண்டி ஏறிப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தால் சுத்தம் என்று நானே அதுவரை நம்பியிருந்தேன் போலிருக்கிறது. பாவாடைத் துணி முடியைப் பிடிக்கும், நுரையைக் கொஞ்சம் பிடிக்கும். உடம்பிலிருந்து கழுவி வந்த கிருமியை அது என்ன செய்யும்? நான் கெமிஸ்ட்ரி படிப்பவள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தோட்டக்காரர் ஏன் குழாயை இழுத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரிடம் தொட்டியும் மணலும் இருந்தன. அப்படியும் பலகை வைத்திருந்தார். என்னிடம் ஒன்றுமே இல்லை, பச்சை பெயின்டைத் தவிர.

நான்காம் நாள் அத்தானிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. முதல் வரியே: 'வயிறு நலம்.'

அதற்குள் டிரம் சிவப்பாகியிருந்தது. அப்பா அதன் அடியில் ஒரு குழாய் பொருத்தினார், வாளியை நேராக அதற்குக் கீழே வைத்துப் பிடிக்கும்படி. மூடிக்குக் கொண்டி, பூட்டு. மக்கு குளியலறைக்குத் திரும்பியது. அந்தத் தண்ணீருக்கென்று தனி வாளி ஒன்று. அதன் கைப்பிடியிலும் சிவப்பு. அந்த வாளி வீட்டுப் படி ஏறக் கூடாது. டிரம்மின் மேல் நானே தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதினேன்: 'குளித்த தண்ணீர். குடிக்காதே, முகம் கழுவாதே.' அதைத் தொட்டு வேலை செய்தால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ என்றால், அந்த நாள் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போகும். அதில் பேச்சே இல்லை. எல்லோரையும்விட இதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டவள் அம்மாதான். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தால்கூட முதல் வார்த்தை, "அந்தச் செவப்புல மட்டும் கை வெக்காதீங்க."

சொன்ன மாதம் அக்கா வந்தாள். டிரம்மைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரு ராத்திரி தூக்கத்துல 'சோப்பு, சோப்பு'ன்னு பொலம்புறாரு, தெரியுமா?" என்றாள். பொய்தான், ஆனால் நன்றாக இருந்தது. ரயில்வே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, நாலாம் நாள் வீட்டுக்கு வந்தது. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வேட்டித் துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, நனைந்து, கொடியில் ஏறின. குழந்தையையும் அக்காவையும் தொடுகிறதெல்லாம் குழாய்த் தண்ணீர்தான், அதுவும் காய்ச்சி ஆறியது. ஈரம் பண்ணிய துணியை அலசிய தண்ணீர் டிரம் பக்கமே வராது. நேரே கக்கூசில் கொட்டிவிடுவோம். ஆனால் பயத்தம் மாவு தேய்த்துக் குழந்தையைக் குளிப்பாட்டிய வெந்நீர் ஆறியதும் வாழைக்கு. அந்த வாழைதான் ஆடியில் குலை தள்ளியது.

ஒருநாள்கூடத் தொட்டி காலியாகவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா, கொடியில் ஆடிய துணிகளைப் பார்த்தபடி, "எல்லாத் துணியும் வெளிய வந்திருச்சு பாத்தியா" என்றாள்.

மூன்றாம் மாதம் முடிந்து, குழந்தையை அழைத்துப்போக அக்காவின் மாமியாரே வந்தார். நல்ல உயரம், கணீரென்ற குரல். குழந்தையை வாங்கி, எடை பார்ப்பதுபோல் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். திருப்தி. பிறகு நேராகக் கொல்லைக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். சிவப்பு டிரம்மின் முன்னால் நின்று, எழுத்தை மெதுவாகப் படித்தார்.

"இதுலதான் எம்புள்ள வாய் கொப்பளிச்சானா?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா வேறெங்கோ பார்த்தாள். யார் சொன்னது என்று தெரிந்துவிட்டது. மாமியார் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. துளையைப் பார்த்தார், வாழைக்குலையைத் தட்டிப் பார்த்தார். சமையலறைப் பக்கத்திலிருந்து சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டி என்னைக் கேட்டார்:

"அது என்ன பாவம் பண்ணுச்சு? அத ஏன் வுட்டுட்டே?"

"அதுல எண்ணெ இருக்கு அத்தை. நாறும். பெருச்சாளி வரும்."

"நாறாம பண்ணு. படிக்கிறே இல்ல? எங்க கெணறு போன சித்திரையில வத்தி அடி தட்டிருச்சு. நா யாருகிட்டயும் சொல்லல." கடைசி வார்த்தைகளை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. திட்டம் இதுதான்: சமையலறைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு குழி. முதலில் எண்ணெய் மிதந்து நிற்க ஒரு சின்னத் தொட்டி, வாரம் ஒருமுறை வழித்தெடுக்க வாகாக. பிறகு உடைந்த செங்கல், அடுப்புக்கரி, மேலே மணல். மணலின் மேல் கல்வாழை. ஈரத்தில் நன்றாக வளர்கிற செடி அது. தண்ணீர் மேலே தேங்காமல் உள்ளேயே ஓட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கொசு. செங்கல்லுக்கு, பின்தெருவில் ஓர் இடிந்த சுவர் இருக்கிறது. மணலுக்கு அப்பா சம்மதித்துவிட்டார். சிவப்பு பெயின்டில் கால் டின் மீதி இருக்கிறது, முதல் நாளே குழியைச் சுற்றி அடிக்க.

கல்வாழைக் கிழங்குக்குத்தான் வரும் சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன், அந்தத் தோட்டக்காரரிடம். அவர் தொட்டியில் தண்ணீர் எத்தனை நேரம் நிற்கிறது, மணல் எத்தனை முழம் ஆழம், எப்போது மாற்றுகிறார் என்று கேட்க வேண்டும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், பலகையில் என்ன எழுதியிருக்கிறதென்று படிக்க வேண்டும்.